யார் கைக்கு வைத்த கம்பி

என் அக்காவின் இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். இது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவள் மேடைக்குப் போட்டுக்கொண்டு போகும் கருப்பு உடுப்பெல்லாம் நான் தைத்தவை. இடது தோளுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துத் தைத்துவிடுவேன். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு தோளும் சமமாகத் தெரியும். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குத் துணி திருத்தும் கடை. யாரோ தைத்ததைப் பிரித்து வேறு யாருக்கோ பொருந்த வைப்பதுதான் என் பிழைப்பு. ஒருவர் கடைக்குள் நுழைந்ததுமே, போட்டிருப்பது அவர் சட்டையா, அண்ணன் சட்டையா, போய்ச் சேர்ந்த மாமனாரின் சட்டையா என்று சொல்லிவிடுவேன். ஒன்று தோளில் இடிக்கும், இல்லாவிட்டால் கையில் தொங்கும். ஆனால் வாத்தியத்துக்கும் அளவு உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த மனுஷர் ஒருவர் அக்கா வீட்டிலேயே இருந்தார். அவரிடம் வருகிறேன், இப்போதே வயிறு எரிகிறது.

அக்கா வாசிப்பது டபுள் பேஸ். வயலின் குடும்பத்தில் அதுதான் மூத்த உருப்படி. ஆளைவிட உயரம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உயரமான ஸ்டூலில் அரைகுறையாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் வயலினுக்கு அடிதடி, புல்லாங்குழலுக்கு வரிசை. பேஸ் மட்டும் உறை போட்டு மூலையில் கிடந்தது. யாரும் கேட்காததால் அக்கா கேட்டாள். அதை முதல்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கதவில் இடித்து, சுவரைச் சுரண்டி உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, "ஏம்மா, புல்லாங்குழல்னு ஒண்ணு இருக்காமே, அது உன் கண்ணுல படலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பீரோ.

எனக்கு அதில் என்ன சுகம் என்றே புரிந்ததில்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் அவள் சேர்ந்த புதிதில் போய்க் கேட்டேன். எத்தனை காது கொடுத்துக் கேட்டாலும் அக்காவின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. அதை அவளிடமே சொன்னேன்.

"எங்களது தனியா கேக்காதுடி," என்றாள். "நாங்க நிறுத்தினாத்தான், என்னமோ கொறையுதேன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கர்வம் இருந்தது. கடைசி வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு கர்வப்பட முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வரிசையின் முதல் நாற்காலிதான் அத்தான். பேஸ் வாசிக்கும் ஆறு பேருக்கும் அவர் தலைவர். முறம் மாதிரி கை. என்னிடம் அளவு கொடுத்த ஆண்களிலேயே அவருடைய மணிக்கட்டுதான் பெரியது, அவர் சட்டைக்குக் கைப்பட்டி தனியாக வெட்டுவேன். பேஸ் கம்பிகளில் கனமானது, நடுத்தரம், மெல்லிசு என்று வகை உண்டு. அத்தான் கனமானதைத்தான் போடுவார். அதையும் விரல்பலகையிலிருந்து நன்றாகத் தூக்கி வைப்பார். கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு சத்தம் என்பது அவர் கட்சி. உயரத்தில் நிற்கும் கனமான கம்பியை அழுத்திப் பிடிக்க முரட்டு விரல் வேண்டும். அவருக்கு அது இருந்தது. மெல்லிசுக் கம்பி சோம்பேறிகளுக்கு என்பார். "வரிசைன்னா ஒரே குரல்" என்று சொல்லி, மற்ற ஐந்து பேரையும் அதே கம்பியைப் போட வைத்தார்.

கல்யாணமான புதிதில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். அத்தான் செய்த முதல் காரியம், அக்காவின் பீரோவைப் படுக்க வைத்து, அதன் கம்பிகளை மாற்றி உயர்த்தியது. கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதன் இரண்டு காலிலும் சின்னச் சக்கரம் இருக்கும். திருகினால் குதிரை ஏறும், இறங்கும். அந்தச் சக்கரத்தை அக்கா தொடக் கூடாது. "நீ தப்பாத் திருகிடுவ, நான் பாத்துக்கறேன்" என்பார். புருஷன் நம் வாத்தியத்தைக் கவனிக்கிறாரே என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. என் தோழிகளிடம் நானே பெருமையடித்திருக்கிறேன்.

முதல் மாதமே கட்டைவிரல் வலிக்கிறது என்று அவரிடம் சொன்னாள்.

"பழகிடும்," என்றார் அத்தான்.

பிறகு முழங்கை வலித்தது. பழகிடும். தோள் இறங்கியது. பழகிடும். மகள் பிறந்து, வளர்ந்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். அக்காவின் கைக்கு மட்டும் பழகவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே தைல வாசனை அடிக்கும். ஜாடி மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவாள். என் கடையில் இடது கையால் கத்தரிக்கோலை எடுத்தால் பாதி நேரம் கீழே போடுவாள். போட்டுவிட்டு, குற்றம் செய்தவள் மாதிரி என்னைப் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆர்க்கெஸ்ட்ராவின் புது மேனேஜர் ஆட்குறைப்பு என்று ஆரம்பித்தார். ஆறு பேஸ் நாலாகிறது. முன்னால் இருக்கும் மூன்று பேரைத் தொடப்போவதில்லை. பின்னால் இருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து இனிமேல் ஒரே நாற்காலி. விடுமுறை முடிந்ததும் மூன்று பேரும் திரைக்குப் பின்னால் வாசிக்க வேண்டும். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான். பின்வரிசையில் அக்காவோடு இருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் நெட்டை, இன்னொருவன் மீசை. இரண்டு பேரும் அக்காவைவிட வயதில் சின்னவர்கள், கையில் வலி இல்லாதவர்கள்.

கேட்டு முடிவு சொல்ல மூன்று பேர். ஒருவர் முன்னால் நின்று குச்சி ஆட்டி நடத்துகிறவர். அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள், எனக்கு பஸ் ஞாபகம் வருவதால் நான் குச்சிக்காரர் என்பேன். இன்னொருவர், பேஸுக்குத் தம்பி மாதிரி இருக்கும் செல்லோ என்ற வாத்தியத்தின் வரிசைத் தலைவர். மூன்றாவது அத்தான். சொந்தப் பெண்டாட்டி வாசிக்கும்போது புருஷன் நீதிபதியாக உட்காரலாமா என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே திரை," என்றார் அத்தான். திரை விதியை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

அக்கா டாக்டரிடம் போனாள். கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது, அழுத்துவதைக் குறைத்தால்தான் கை மிஞ்சும் என்றார் அவர். அழுத்தாமல் எப்படி வாசிப்பது என்று இவள் கேட்டதற்கு, அதை வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் கேளுங்கள் என்று கைகழுவிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து முதலில் அத்தானிடம்தான் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்தேன்.

"கொஞ்சம் மெல்லிசுக் கம்பி போட்டு, உசரத்தையும் குறைச்சுப் பாக்கலாமாங்க?"

"இப்பவா?" என்றார் அவர், தட்டிலிருந்து நிமிராமல். "திரைக்குப் பின்னாலருந்து சத்தமே வெளில வராது. உன் நாற்காலி போயிடும். நான் சொல்றதைக் கேளு, இருக்கறது இருக்கட்டும்."

"கை ரொம்ப வலிக்குதுங்க."

"பழகிடும்."

விடுமுறை ஆரம்பித்ததும் அவர் வருஷா வருஷம் போவது போல் வெளியூருக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், நான் என் கடை வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன்.

"பீரோவை ஏத்து," என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சா?"

"நாற்காலி போனாலும் அவருக்குத் தெரியத்தான் போகுது. ஏத்துடி."

அக்காவை 'டீ' போட்டது அன்று ஒரு தடவைதான். அவள் மறுபேச்சில்லாமல் உறையை மாட்டினாள்.

பழுது பார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் பசைக்காரர். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. குறுகலான படி, பீரோவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அறை முழுக்கச் சுடுபசையின் நாற்றம். சுவரில் தலையில்லாத வயலின்கள் தொங்கின. பசைக்காரருக்குப் பணிவு என்றால் என்னவென்றே தெரியாது. ஊரில் மற்ற எல்லோரும் மரவெட்டிகள், தான் ஒருவர்தான் வேலை தெரிந்தவர் என்ற நினைப்பு. வந்தவர்களை உட்காரச் சொல்லும் பழக்கமும் இல்லை. ஆனால் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களை எல்லாம் அவருக்குத் தெரியும், அக்கா யாருடைய மனைவி என்பதும் தெரியும்.

பீரோவை மேஜை மேல் சாய்த்து வைத்து, விரல்பலகையின் முனையில் ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை நிறுத்திக் கம்பிகளின் உயரத்தைப் பார்த்தார். மேலே கம்பி தொடங்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார், முகத்தைச் சுளித்தார். அக்காவை வாசிக்கச் சொன்னார். அவள் நாலு இழுப்பு இழுத்தாள். அவர் பேஸைப் பார்க்கவில்லை, அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் கைக்கு வச்சது?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்," என்றாள் அக்கா.

"உங்க கைக்கு இப்படி யாரும் வைக்க மாட்டாங்கம்மா. இது எவனோ முரடன் கைக்கு வச்சது."

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. என் அக்கா கல்யாணமான நாளிலிருந்து வேறொருத்தர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். தோளில் இடித்தபோதெல்லாம், சட்டை சரிதான், உன் தோள்தான் கோணல் என்று சொல்லி அவளை நம்ப வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு விளங்கியதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்தார். "யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்குப் போட்ட அதே செட்டைப் போட்டுடறேன். அவரும் கை போனப்புறம்தானே வந்தாரு."



"என்ன செட்டு?" என்றாள் அக்கா.

அவர் சுருளைப் பிரித்துக் காட்டினார். பேஸ் கம்பியின் இரண்டு முனையிலும் கொஞ்ச தூரத்துக்கு வண்ண நூல் சுற்றியிருக்கும். எந்த வகைக் கம்பி என்று அந்த நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அக்காவின் பீரோவில் இருந்தது சிவப்பு நூல், கனமானது. அவர் கையில் இருந்தது பச்சை, மெல்லிசு.

"அவர் கம்பியில கருப்பு டேப்பு சுத்தியிருக்குமே," என்றாள் அக்கா மெதுவாக.

"நான்தான் சுத்திக் குடுத்தேன். மேலயும் கீழயும். மேடை வெளிச்சத்துல நூல் பளபளங்குதுன்னாரு." இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இந்தக் கூரை ஒழுகிச்சே, அந்த வருஷம். ஏழெட்டு வருஷம் ஆச்சு." பிறகு பசைச் சட்டியின் பக்கம் திரும்பி, கிளற வேண்டிய அவசியமே இல்லாமல் கிளற ஆரம்பித்தார்.

அந்தக் கருப்பு டேப்பை அக்கா எத்தனை தடவை துடைத்திருப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் பேஸையும் சேர்த்துத் தூசி தட்டுகிறவள் அவள்தான். ஒரு தடவை அது என்ன என்று கேட்டதற்கும் அதே பளபளப்புக் கதையைத்தான் சொன்னாராம். தன் கை வலித்ததும் மாடிப்படி ஏறி வந்து கம்பியை மாற்றிக்கொண்ட மனுஷர், அதை மூடி மறைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இவளிடம் பழகிடும் என்று சொல்லியிருக்கிறார். மெல்லிசுக் கம்பி சோம்பேறிகளுக்கு என்று ஐந்து பேர் வாயை அடைத்தவர், தானே அதைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எல்லார் காதிலும் பூச்சுற்றியது கூடப் போகட்டும். இவள் ராத்திரி ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்வதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். "அதையே போடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

வேலை ஒரே நாளில் முடியவில்லை, மூன்று தடவை போனோம். பழைய கம்பிகளை மொத்தமாகக் கழற்றக் கூடாதாம். உடம்புக்குள்ளே ஒரு குச்சி, பசையும் இல்லாமல் ஆணியும் இல்லாமல், கம்பிகள் அழுத்துகிற அழுத்தத்திலேயே நிற்கிறதாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் அது சாய்ந்துவிடும். அதனால் ஒரு சிவப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பச்சையை மாட்டி முறுக்கிய பிறகுதான் அடுத்தது. மேலே கம்பி உட்காரும் பள்ளங்களை அரம் போட்டு ஆழமாக்கினார். விரல்பலகையை இழைத்தார். குதிரையின் சக்கரங்களைத் திருகி இறக்கினார். ரொம்ப இறக்கியதும் கம்பி பலகையில் பட்டு வண்டு மாதிரி ரீங்கரித்தது. கொஞ்சம் ஏற்றினார். அக்காவை வாசிக்கச் சொன்னார், மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். மூன்றாவது நாள் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்போ வாசிங்க," என்றார்.

நான் துணிக்காரி, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் வில் கம்பியைத் தொட்டதும் மேஜை மேல் இருந்த ஆணி டப்பா அதிர்ந்ததைப் பார்த்தேன். மெல்லிசுக் கம்பியில் சத்தம் வராது என்று அத்தான் சொன்னாரே, இது என்ன என்று கேட்டேன்.

"கனமான கம்பி சில வாத்தியத்துக்கு ஆகாது," என்றார் பசைக்காரர். "நெஞ்சு மேல ஆளை உக்கார வச்சுட்டு, பாடு பாடுன்னா எப்படிப் பாடும்?"

அக்கா அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில் அழவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு, "இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடி," என்றாள். "வலிக்கறதுதான் வாசிக்கறதுன்னு இருந்துட்டேன்."

கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கருப்பு டேப்பு இருக்கா?" என்று பசைக்காரரிடம் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். பச்சை நூல் தெரியாதபடி மேலும் கீழும் அவளே சுற்றினாள்.

வேனில் ஏறியதும் போனை எடுத்தேன். "இப்பவே போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்," என்றேன்.

"கேக்காத."

"ஏன்? இன்னும் அந்த ஆளைக் காப்பாத்தணுமா?"

"முதல்ல என் நாற்காலியை நான் வாசிச்சு வாங்கிக்கறேன்," என்றாள். "அதுக்கப்புறம் கேக்கறேன். நானே கேக்கறேன்."

அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடைசி நாற்காலி அவளுடையதாக இருக்க வேண்டும், அதுவும் தன் கையால் வாங்கியதாக இருக்க வேண்டும். புருஷனிடம் கணக்குத் தீர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விடுமுறை முழுக்க என் கடையின் பின்னறையில் வாசித்தாள். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நிற்காது, ஒரு பாட்டம் வாசித்ததும் முறுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை அவள் கைதான். மெல்லிசுக் கம்பியை அழுத்தி இழுத்தால் குரல் நெரிபடும். அவளுக்கோ அழுத்தித்தான் பழக்கம். அழுத்தாதே அழுத்தாதே என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டு வாசிப்பாள். வாடிக்கையாளர்கள் உள்ளே என்ன மெஷின் ஓடுகிறது என்று கேட்டார்கள். பீரோ நகர்த்துகிறோம் என்றேன். பரீட்சையில் வேகமான பகுதி ஒன்று உண்டு, பேஸ் மட்டும் தனியாக ஓட வேண்டியது. அத்தனை வருஷமும் அதில் ஓர் இடத்தில் அவள் விரல் சிக்கிக்கொள்ளும். விடுமுறை முடிவதற்குள் அந்தச் சிக்கல் எங்கே போனதென்று தெரியவில்லை. கத்தரிக்கோலும் கீழே விழுவது குறைந்தது.

அத்தான் பரீட்சைக்கு முந்தின நாள்தான் திரும்பி வந்தார். பீரோ எங்கே என்று கேட்டார். தங்கச்சி கடையில் வைத்துப் பழகுகிறேன் என்று அக்கா சொன்னாள்.

"கம்பியெல்லாம் சரியா இருக்குல்ல?"

"உங்க கம்பி மாதிரியேதான் இருக்கு," என்றாள் அக்கா.

அவர் திருப்தியாகத் தலையாட்டியதாக என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

பரீட்சை அன்று பீரோவைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். மேடையில் கனமான திரை, காலடிச் சத்தத்தை வைத்து ஆள் யாரென்று கண்டுபிடிக்கக் கூடாது என்று தரையில் கம்பளம். வாசிப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கினார்கள். நெட்டைக்கு ஒன்று, மீசைக்கு இரண்டு, அக்காவுக்கு மூன்று. நான் வெளியே நடையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாக எல்லாம் கேட்டது.

நெட்டை மழுங்கலாக வாசித்தான். மீசை நல்ல வாசிப்புக்காரன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. அந்த வேகமான பகுதியில் கையும் வில்லும் ஒன்றோடொன்று மோதி ஓரிடத்தில் சிக்கி நின்றன, பிறகு எப்படியோ ஓடிவிட்டான். வெளியே வந்தவன் முகம் வெளுத்திருந்தது. "என் கதை முடிஞ்சுதுக்கா," என்று என்னிடமே சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

அக்கா வாசித்ததை நான் எப்படிச் சொல்ல. அவள் சத்தம் தனியாகக் கேட்டது. அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை, இதுதான் என் அக்கா என்று தெரிந்தது. வேகமான பகுதியில் ஓர் இடறல் இல்லை. எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, எழுந்து நின்றுவிட்டேன்.

உள்ளே வெகுநேரம் பேச்சு நடந்தது. பிறகு மேனேஜர் நடைக்கு வந்து, "ரெண்டாம் நம்பர்," என்றார். மீசை தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றான். நம்பரைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்று அவனே மேனேஜரிடம் போய்க் கேட்டான். தப்பில்லையாம். அக்கா வில்லைத் துடைத்து உறையில் வைத்தாள். வேனில் வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தது அத்தான். முகமெல்லாம் சிரிப்பு. முடிவை மேனேஜரிடம் சொன்னதும், அது யார் என்று கேட்க நிற்காமல் அவர் பின்வாசல் வழியாகவே வந்துவிட்டார். பெண்டாட்டி இருக்கிற இடத்தில் நின்றால் விதிக்கு ஆகாதாம். மேஜை மேல் ஓர் இனிப்பு டப்பா பிரித்து வைத்திருந்தது.

"வாங்க நாற்காலிக்காரம்மா," என்றார்.

அக்கா பீரோவைக் கொண்டுபோய் அவருடைய பேஸுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தாள். உறையைக் கழற்றி மடித்தாள்.

"வெளில சொல்லக் கூடாது, உனக்குச் சொல்றேன்," என்றார் அத்தான், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு. "கண்டக்டர் மூணுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. செல்லோக்காரர் ரெண்டுன்னாரு. கடைசில என் கையில விட்டுட்டாங்க. நான் ரெண்டுக்குப் போட்டேன்."

"ரெண்டு நான்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அக்கா.

"இத்தனை வருஷம் ஒரே வரிசையில உக்காந்திருக்கேன், தெரியாதா? அந்த வேகமான எடத்துல சிக்கிச்சு பாரு, அதுலயே கண்டுபிடிச்சிட்டேன். கனமான கம்பி, சிரமப்பட்டு அழுத்தற கை. உன்னைத் தவிர யாரு?"

பெண்டாட்டியை அவர் அடையாளம் கண்டது அவள் தடுமாற்றத்தை வைத்து.

"மூணாம் நம்பர் எப்படி?" என்றாள் அக்கா.

"பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. நெட்டையாத்தான் இருக்கும். எங்கயோ போய் மெல்லிசுக் கம்பி மாட்டிட்டு வந்திருக்கான். முதல் இழுப்புலயே தெரிஞ்சிடுச்சு. இது நம்ம வரிசைக்குச் சேராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"மெல்லிசுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் கம்பிக்குன்னு ஒரு குரல் இருக்கு. கேட்டவனுக்குத் தெரியும்."

"வாசிச்சவனுக்குத்தான் தெரியும்," என்றாள் அக்கா.

அவள் குனிந்து, அவருடைய பேஸின் அடியில் இருந்த கருப்பு டேப்பை நகத்தால் சுரண்டி உரித்தாள். பழைய டேப், பிசுபிசுவென்று நூலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே பச்சை. பிறகு தன் பீரோவின் டேப்பை உரித்தாள். அது புதிது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதுவும் பச்சை.

"மூணு நான்," என்றாள்.

அத்தான் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். நான் விடுமுறை முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னேனே," என்றாள் அக்கா. "கை வலிக்குதுன்னு கல்யாணமான மாசத்துலருந்து சொன்னேனே."

"நான் நாளைக்கே போய்ப் பேசறேன். மாத்திடலாம்."

"என்னன்னு பேசுவீங்க? பொண்டாட்டின்னு நெனச்சு வேற ஆளுக்குப் போட்டுட்டேன்னா?"

அப்படிப் போய்ப் பேசினால் அவர் நாற்காலியும் போய்விடும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவர் போகமாட்டார் என்பதும் தெரியும். போகவும் இல்லை.

அக்கா மடித்து வைத்த உறையை மறுபடி எடுத்து பீரோவுக்கு மாட்ட ஆரம்பித்தாள். "கடைக்கே கொண்டு போயிடலாம்டி," என்று என்னிடம் சொன்னாள். நான் கழுத்துப் பக்கம் பிடித்தேன்.

"நாளையிலருந்து அந்தக் கடைசி நாற்காலில மீசை உக்காந்திருப்பான்," என்றார் அத்தான். அவர் குரல் உடைந்திருந்தது, அது நடிப்பில்லை. "நான் எப்படி அதைத் தெனம் பாத்துட்டு வாசிக்கறது?"

அக்கா உறையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.

"பழகிடும்," என்றாள்.